வால் ஒரு பக்கம் இழுக்கும் பழைய ஸ்பிட்ஃபயர்: பின் சக்கரக் கோளாறை வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கும் வழி

உச்சிப்புளி தாண்டி மண்டபம் நோக்கி நேராகப் போகிற ரோடு. கார் நேராகத்தான் போகிறது, ஆனால் ஸ்டியரிங் மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியே நிற்கிறது. பின்னால் பைக்கில் வந்த தம்பி டீக்கடையில் நிறுத்தி, "அண்ணே, உங்க வண்டி நண்டு மாதிரில்ல போகுது, வால் இடது பக்கம் தள்ளி வருதுண்ணே" என்றான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதை நான் நம்புவதற்குத்தான் இரண்டு மாதமும் ஒரு ஜோடி டயரும் போயின.

என் வண்டி ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். ஸ்பிட்ஃபயர் 1962-ல் வந்தது, வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. பேர் புதிதாகத் தெரிந்தாலும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது சொந்தக்கார வண்டிதான். 1961-லிருந்து மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டின் அடிப்படையைச் சுருக்கி, மேலே இரண்டு சீட் உடம்பு வைத்ததுதான் ஸ்பிட்ஃபயர். அதனால் கீழே சொல்வதில் பாதிக்கு மேல் பழைய ஹெரால்டு வைத்திருப்பவருக்கும் உதவும், முக்கியமான ஒரு இடத்தைத் தவிர. அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் என் கதை முழுக்க அங்கேதான் இருந்தது.

முதலில் பின்னால் என்ன இருக்கிறது என்று மனதில் ஒரு படம் வேண்டும். அம்பாசடர் மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே இரும்பு ஆக்சில் இதில் இல்லை. என்ஜின் சக்தியை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பெட்டி நடுவில் சேஸிஸோடு நிற்கிறது. அதிலிருந்து இரு பக்கமும் ஒரு யூ-ஜாயின்ட் (மடங்கியபடியே சுழலும் மூட்டு), அதற்குப் பின் ஒரு அரை ஷாஃப்ட், அதன் நுனியில் சக்கரம். பறவை இறக்கை அடிப்பது போல ஒவ்வொரு பக்கமும் தனியாக மேலும் கீழும் ஆடும். மேலே குறுக்காக ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங், அதன் இரண்டு காதுகளிலும் சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்து லிங்க் தொங்குகிறது. அந்த லிங்க் முன்னும் பின்னும் ஓடிவிடாமல் பிடித்து வைப்பது ஒரே ஒரு கம்பி: ரேடியஸ் ஆர்ம். அது சக்கரத்திலிருந்து முன்பக்கமாக வந்து சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரச் சுவரில் ஒரு பிராக்கெட்டில் மாட்டியிருக்கும். பிராக்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய ஷிம் தகடுகள். பின் சக்கரத்தின் டோ என்கிற உள்-வெளிப் பார்வையை மாற்ற இந்த ஷிம்களை விட்டால் வேறு வழி கிடையாது.

சக்கரம் அரை ஷாஃப்டோடு இறுக்கமாகப் பூட்டியிருக்கிறது, ஷாஃப்ட் யூ-ஜாயின்டில் திரும்புகிறது. அதனால் சக்கரம் பின்னால் நகர்ந்தால் அது வெளியே பார்க்கும், முன்னால் நகர்ந்தால் உள்ளே பார்க்கும். ஷிம் சேர்த்தால் சக்கரம் பின்னால் போகும், எடுத்தால் முன்னால் வரும். இந்த ஒரு விஷயம் மனதில் உட்கார்ந்துவிட்டால் மீதி எல்லாம் அளவெடுக்கிற வேலைதான்.

சரி, வண்டி என்ன சொல்கிறது என்று கேட்போம். ஸ்டியரிங் இடப்பக்கம் திரும்பியபடி வண்டி நேராகப் போனால் பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து சராசரியாக இடப்பக்கம் பார்க்கின்றன. ஸ்டியரிங் வலப்பக்கம் என்றால் வலப்பக்கம். (முன் சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ராடு சரியாக இருக்கிறது என்று உறுதி செய்த பிறகு, அதாவது ஸ்டியரிங்கின் பல் சட்டமான ரேக் நடுவில் நிற்கும்போது இரண்டு முன் சக்கரமும் ஒரே அளவு பார்க்கின்றனவா என்று பார்த்த பிறகு.) ஸ்டியரிங் நேராகத்தான் இருக்கிறது, ஆனால் திருப்பத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வால் வெடுக்கென்று வெளியே போகிறது என்றால் இரண்டு சக்கரமும் சமமாக வெளியே பார்க்கின்றன, அல்லது எங்கோ தளர்ச்சி இருக்கிறது. இடது திருப்பம் ஒரு மாதிரி, வலது திருப்பம் ஒரு மாதிரி என்றால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை.

இன்னொரு அறிகுறியும் உண்டு, அதுதான் உண்மையில் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சக்கரம் ரேடியஸ் ஆர்மை முன்னால் தள்ளுகிறது, காலை எடுத்தாலோ பிரேக் போட்டாலோ பின்னால் இழுக்கிறது. பிடிமானம் கெட்டியாக இருந்தால் ஒன்றும் ஆகாது. இடது பக்கம் மட்டும் தளர்ந்திருந்தால் மிதிக்கும்போது இடது சக்கரம் முன்னால் வந்து உள்ளே பார்க்கும், மூக்கு இடப்பக்கம் போகும். காலை எடுத்ததும் சக்கரம் வெளியே பார்க்கும், மூக்கு வலப்பக்கம் போகும். வலது பக்கம் தளர்ந்தால் இதற்குத் தலைகீழ். மிதித்தால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம் என்று வண்டி இழுத்தால் ஷிம் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். அது அளவுக் கோளாறு இல்லை, எதுவோ ஆடுகிறது.

இதையெல்லாம் ஓட்டிப் பார்க்கும் இடம் முக்கியம். பாம்பன் பாலத்தின் மேல் சோதிக்காதீர்கள். அங்கே அடிக்கிற பக்கவாட்டுக் காற்றில் புது வண்டியே ஒரு பக்கம் சாயும், அதிலும் ஸ்பிட்ஃபயர் எடை குறைந்த வண்டி. தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை போகிற ரோடு நூல் பிடித்தாற்போல் நேரானது, ஆனால் மணல் ஏறிக் கிடக்கும், கூட்டமும் இருக்கும். விடியற்காலையில் காற்று எழும்புவதற்கு முன் ஏதாவது ஒரு நேர் ரோட்டில் போகும்போது ஒரு தடவையும் திரும்பி வரும்போது ஒரு தடவையும் பாருங்கள். காற்றாக இருந்தால் திரும்பி வரும்போது இழுக்கிற பக்கம் மாறும். ரோடு இடப்பக்கம் சரிந்திருப்பதால் வருகிற இழுப்பு இரண்டு தடவையும் இடப்பக்கமே இருக்கும். அதையும் கண்டுபிடிக்க, ஆள் இல்லாத இடத்தில் ரோட்டின் நடு முதுகில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை டயர். இந்த வண்டிக்கு முன் டயரைவிடப் பின் டயரில் கூடுதல் காற்று வேண்டும், பஞ்சர் கடையில் நாலுக்கும் ஒரே அளவாக முப்பது அடித்து அனுப்பிவிடுவார்கள், பாதிப் பேருக்குக் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு உள்ளங்கையால் டயர் பரப்பை உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பு, எதிர்த் திசையில் ரம்பம் போலச் சொரசொரப்பு என்றால் அது டோ. ஒரு ஓரம் மட்டும் வழுக்கையாகி மீதி நன்றாக இருந்தால் அது கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு. இடது வலது பின் சக்கரங்களை மாற்றிப் போட்டு ஒருமுறை ஓட்டுங்கள், இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில்.

இனி அளவெடுப்பது. இங்கே எல்லாரும் செய்கிற ஒரு தப்பு இருக்கிறது, நானும் செய்தேன். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி இறக்கியதும் பின் சக்கரங்கள் இரண்டும் தவளைக் கால் மாதிரி உள்ளே மடங்கி, வால் உயர்ந்து நிற்கும். அந்த நிலையில் எடுக்கிற எந்த அளவும் பொய். டயர் தரையைப் பிடித்துக்கொண்டிருப்பதால் வால் இறங்க முடியாது. வண்டியைப் பத்து இருபது அடி முன்னும் பின்னும் உருட்டி, வாலைப் பிடித்து இரண்டு தடவை அமுக்கி விட்டால்தான் அது தன் உயரத்துக்கு வரும். இதுவும் போதாது என்பவர்கள் ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் கீழே நடுவில் கிரீஸ் தடவிய இரண்டு வழவழ டைல்ஸ் வைத்து அதன் மேல் ஏற்றி நிறுத்தலாம். சீட்டில் கையேடு சொல்கிற எடையை ஏற்றுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் அரிசி மூட்டை போதும். உயரம் மாறினால் கேம்பர் மாறும், கேம்பரோடு டோவும் மாறும். வெறும் வண்டியில் எடுத்த அளவை எழுதி வைத்துக்கொண்டு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

தரை மட்டம் பார்க்கக் கொத்தனாரிடம் இருக்கும் தண்ணீர் டியூப் மாதிரி சிறந்த கருவி இல்லை. நாலு சக்கரமும் நிற்கிற இடத்தைப் பார்த்து, தாழ்ந்த இடத்தில் டைல்ஸ் துண்டு வையுங்கள்.

கயிற்றுக்கு நான் பயன்படுத்துவது தங்கூசி நரம்பு. கடற்கரையில் இது கிடைக்காத கடை இல்லை, இழுத்துக் கட்டினால் பருத்தி நூல் மாதிரி தொய்யாது. ஒரே நீளத்தில் இரண்டு பிவிசி பைப் எடுத்து இரண்டிலும் ஒரே இடைவெளியில் காடி போடுங்கள். ஒன்றை வண்டிக்கு முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் சக்கர நடு உயரத்தில் ஸ்டூல் மேல் வைத்து, காடிக்குக் காடி நரம்பை இழுத்துக் கட்டினால் வண்டியின் இரு பக்கமும் இரண்டு இணை கோடுகள் தயார். இப்போது முன் சக்கர நடுவிலிருந்து நரம்புக்கு இடமும் வலமும் ஒரே அளவு வரும்வரை முன் பைப்பை நகர்த்துங்கள், பின்னால் அதே போலப் பின் பைப்பை. முன் அளவும் பின் அளவும் ஒன்றாக இருக்காது, பதற வேண்டாம். மார்க் 3-ல் முன் சக்கர அகலம் 49 அங்குலம், பின்னால் 48. ஒரு பக்கத்துக்கு அரை அங்குலம் பின்னால் கூடுதலாக இருப்பதுதான் சரி. நரம்பை நாலு டயரிலும் உரசும்படி கட்டி அளந்து "பின் சக்கரம் உள்ளே போயிருக்கு" என்று தீர்ப்பு சொன்ன ஆளை எனக்குத் தெரியும்.

அடுத்தது பின் சக்கர ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நரம்புக்கு எவ்வளவு, பின் விளிம்பிலிருந்து எவ்வளவு என்று ஸ்டீல் ஸ்கேலால் அளப்பது. முன் விளிம்பு நரம்பிலிருந்து அதிகம் தள்ளியிருந்தால் சக்கரம் உள்ளே பார்க்கிறது, குறைவாக இருந்தால் வெளியே. எழுதிக்கொண்டு வண்டியை அரைச் சுற்று உருட்டி மறுபடி அளந்து இரண்டுக்கும் சராசரி எடுங்கள், ரிம் கோணலாக இருந்தால் அந்தப் பிழை கழிந்துவிடும். 13 அங்குல ரிம்மில் விளிம்புக்கு விளிம்பு சுமார் 350 மி.மீ. அதில் 1 மி.மீ. வித்தியாசம் என்றால் ஏறக்குறைய ஆறில் ஒரு டிகிரி. கேம்பருக்கு ரிம்மின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தூக்குக்குண்டு நூலிலிருந்து அளந்தால் 6 மி.மீ. என்பது ஒரு டிகிரி. நரம்பு காற்றில் கிண்ணென்று அதிரும் ஊர் இது, ஆடி மாதக் காற்றில் காலை ஆறு மணிக்கு மேல் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள்.

கடைசியாக, முன் சக்கரங்களை நேராக வைத்து, முன் நடுவிலிருந்து பின் நடு வரை இரு பக்கமும் நீளம். கையேட்டில் 83 அங்குலம், ஆனால் நமக்கு வேண்டியது இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசம்தான்.

டோ, நீளம் என்ற இந்த இரண்டு அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இங்கேதான் சுவாரசியமே. யூ-ஜாயின்டிலிருந்து சக்கரத்துக்குச் சுமார் அரை மீட்டர். சக்கரம் 5 மி.மீ. பின்னால் போனால் ரிம்மில் 3.5 மி.மீ. அளவுக்கு வெளியே பார்க்க வேண்டும். உங்கள் இடது நீளம் 5 மி.மீ. கூடுதல், இடது சக்கரமும் அந்த அளவுக்கு வெளியே பார்க்கிறது என்றால் கதை பொருந்துகிறது: ரேடியஸ் ஆர்ம், அதன் புஷ் (நுனியில் இருக்கும் ரப்பர் உறை), அல்லது அதன் பிடிமானம். நீளம் வித்தியாசப்படுகிறது ஆனால் இரண்டு சக்கரமும் ஒரே திசையில் ஒரே அளவுதான் பார்க்கின்றன என்றால் டிஃபரன்ஷியலோ சேஸிஸோ திரும்பியிருக்கிறது, டிஃபரன்ஷியலின் ரப்பர் புஷ்களையும் சேஸிஸின் மூலைக்கு மூலை அளவையும் பாருங்கள். நீளம் சமம், ஆனால் வண்டியை அரைச் சுற்று உருட்டியதும் ஒரு பக்க டோ அளவு மாறுகிறது என்றால் ரிம்மோ ஷாஃப்டோ சக்கரம் மாட்டும் ஹப்போ வளைந்திருக்கிறது, அதோடு வண்டியை ஓட்டாதீர்கள்.

கேம்பர் மட்டும் தப்பு என்றால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். தொய்ந்திருந்தால் சக்கரத்தின் தலை இரண்டும் உள்ளே சாய்ந்திருக்கும், டயரின் உள் ஓரம் தேயும், பெரிய ஆபத்து இல்லை. லாரி பிளேட் அடிக்கிற பட்டறையில் கொடுத்து "நல்லா தூக்கி விடுங்கண்ணே" என்று வளைத்து வாங்கி வந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். வால் உயர்ந்து சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்து நிற்கும், இந்த ஆக்சிலுக்கு அது விஷம். வேகமான திருப்பத்தில் வெளிச் சக்கரம் அடியில் மடங்கி வண்டியைத் தூக்கிவிடும். ஸ்பிரிங்கை முடித்த பிறகுதான் டோ, வரிசை மாற்றினால் இரண்டு வேலை.

இனி தளர்ச்சி. பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள்) சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஹப் பேரிங், செங்குத்து லிங்கின் அடியில் இருக்கும் புஷ். முன்னும் பின்னும் பிடித்து ஆட்டினால் ரேடியஸ் ஆர்ம் புஷ். உள்ளும் வெளியும் இழுத்தால் யூ-ஜாயின்ட். கை ஆட்டத்தில் தெரியாதது நிறைய உண்டு என்பதால் வண்டியைத் தரையில் இறக்கி, கைபேசியைப் பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் வைத்து மெதுவோட்ட வீடியோ போட்டுவிடுங்கள். ஒருவர் பிரேக் மிதிக்க இன்னொருவர் வண்டியை முன்னும் பின்னும் பலமாக ஆட்ட வேண்டும். ஆர்மின் முன் நுனியைப் பாருங்கள். புஷ் நசுங்கினால் கம்பி மட்டும் நகரும், பிராக்கெட் நகராது. பிராக்கெட்டே சுவரோடு சேர்ந்து மூச்சு விடுவது போல அசைந்தால் நீங்கள் என் ஆள்.

என் வண்டியில் நடந்தது அதுதான். டவுனில் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் போடும் ஒரு கடையில் முன் சக்கரத்துக்கு மட்டும் பேப்பர் எடுத்துக் கொடுத்து, "பின்னாடி அட்ஜஸ்ட்மென்டே கிடையாதுண்ணே" என்று அனுப்பிவிட்டார்கள். நானே இடது பக்க ஷிம்மை ஒன்றொன்றாக எடுத்தேன். ஒரு வாரம் சரியாக ஓடும், பிறகு பழைய கதை. எடுக்க ஷிம் தீர்ந்ததும் வலது பக்கம் சேர்த்தேன். ஸ்டியரிங் நேரானது, நானும் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் இரண்டு சக்கரத்தையும் வெளியே பார்க்க வைத்திருந்தேன், தேவிபட்டினம் பக்கம் ஒரு வளைவில் மாடு நின்றதைப் பார்த்துக் காலை எடுத்தபோது வால் முன்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அன்றைக்குத்தான் சீட்டைக் கழற்றிக் கார்ப்பெட்டைத் தூக்கினேன். பிராக்கெட் போல்ட் இரும்பு மாதிரி இறுகித்தான் இருந்தது, ஆனால் அது பிடித்திருந்த தகரம் அப்பளம். ஒவ்வொரு பிரேக்குக்கும் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் உப்பி வந்திருந்தது.

முன்பு தள்ளிவைத்த அந்த முக்கியமான இடம் இந்தச் சுவர்தான். ஸ்பிட்ஃபயரில் ஆர்மைத் தாங்குவது சேஸிஸ் இல்லை, உடம்பின் தகரம். நம் கடற்கரையில் தகரத்துக்கு ஆயுள் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று சோதிப்பதற்காகவே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தார் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள். இதில் நாமும் நம் பங்குக்கு, உப்புக்காற்று பட்ட வண்டியை உப்புக் கரிக்கிற போர்த் தண்ணீரிலேயே கழுவுகிறோம். நல்ல தண்ணீர் குடத்துக்கு விலை கொடுக்கிற ஊரில் காருக்கு யார் ஊற்றுவது என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை, ஈரத் துணியால் துடைப்பது போர்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதைவிட மேல் என்று மட்டும் சொல்வேன்.

ஆகவே நம் பக்கத்து வண்டி என்றால் நரம்பு கட்டுவதற்கு முன்பே கார்ப்பெட்டைத் தூக்குங்கள். சின்னச் சுத்தியலால் பிராக்கெட்டைச் சுற்றிலும் தட்டுங்கள். ணங் என்று கேட்டால் இரும்பு, பொத் பொத் என்றால் பெயின்டும் தாரும்தான் மிச்சம். அடியில் கறுப்புத் தார் பூச்சு தடிமனாக, புதிதாக, அழகாக இருந்தால் சந்தேகம் இரண்டு மடங்கு, விற்றவர் ஏன் அந்த இடத்தில் மட்டும் அவ்வளவு அன்பு காட்டினார் என்று யோசியுங்கள். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போனால் அளவெடுக்கிற வேலையே வேண்டாம். கதவுக்குக் கீழே இருக்கும் சில்லையும் தட்டுங்கள், இந்த வண்டியில் அதுவும் பாரம் தாங்குகிற உறுப்பு. வெல்டிங் செய்ய வேண்டி வந்தால் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால் டிக்கியில்தான் இருக்கிறது, முதலில் அதைக் கழற்றி வெளியே வையுங்கள். கதவு இடைவெளியை வெல்டிங்குக்கு முன்னும் பின்னும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், உடம்பு தொய்ந்தால் முதலில் தெரிவது அங்கேதான். எனக்கு விசைப்படகு வேலை பார்க்கும் வெல்டர் ஒருவர் அழுகியதை வெட்டி எடுத்துவிட்டு, சுவருக்குப் புதுத் தகடும் பிராக்கெட்டுக்குப் பின்னால் அகலமான ஒரு பட்டையும் வைத்துக் கொடுத்தார்.

புதுத் தகடு வந்த பிறகு ஷிம் இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் போட்டு, புஷ் போல்ட்டை வண்டி தன் எடையில் நிற்கும்போது இறுக்குங்கள். தூக்கி நிறுத்தியபடி இறுக்கினால் ரப்பர் முறுகியே இருக்கும், சீக்கிரம் கிழியும். உருட்டி, அமுக்கி, அரிசி மூட்டை ஏற்றி, மறுபடி நரம்பு கட்டி அளந்து, கையேட்டு அளவு வரும்வரை ஒரு தடவைக்கு ஒரு ஷிம்மாக மாற்றுங்கள், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கை வைக்காதீர்கள். கிடைத்த அளவுகளைத் தேதியோடு டிக்கி மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வையுங்கள். இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, பிறகு மழைக்காலம் முடிந்து தையில் ஒருமுறை அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள். இடது பக்க எண் மட்டும் நகர்ந்திருந்தால் கார்ப்பெட்டைத் தூக்குங்கள்.